போகாமல் இருக்க என்ன கொடுக்கலாம்?

திருப்பூரில் ஆள் சேர்ப்பது ஒரு வேலை, சேர்ந்த ஆள் போகாமல் பார்த்துக்கொள்வது வேறு வேலை. நான் இரண்டாவது வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவள். நெருப்பெரிச்சலில் ஒரு சின்ன பனியன் யூனிட்டில் எச்.ஆர். பெரிய கம்பெனிக்காரர்கள் கொடுக்கிற சம்பளத்தை எங்களால் கொடுக்க முடியாது. அதனால் வேறு என்ன கொடுக்கலாம் என்று யோசிப்பதுதான் என் பிழைப்பு. நீங்களும் இதே பிழைப்பில் இருப்பவர் என்றால், கீழே உள்ளதைப் படிக்கும்போது பெருமூச்சு விடுவீர்கள்.

பூட்டிய கதவு

தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் நிறையப் பேர் திரும்பவில்லை. பாதி மெஷின்கள் துணி போர்த்திக் கிடந்தன. முதலாளி தையல் லைனுக்குள் ஒரு நடை நடந்துவிட்டு வந்து, "பக்கத்துல என்ன குடுக்கறாங்கன்னு விசாரி கண்ணு" என்றார். நான் விசாரித்தது பக்கத்து யூனிட்டில் அல்ல. வராதவர்களுக்கே ஒவ்வொருவராகப் போன் போட்டேன்.

முருகேஸ்வரி சங்கரன்கோவில் பக்கம். எங்களிடம் இருந்த டெய்லர்களில் அவள் தையல்தான் சுத்தம். புருஷனும் வேறொரு கம்பெனியில் ஷிப்டு. இரண்டு பேரும் வேலையில் இருக்கிற நேரம் குழந்தையை வாடகை அறையில் தூங்கவைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு அது தெரியவே தெரியாது. தீபாவளிக்கு முந்தின வாரம் குழந்தை விழித்து, அறை மூலையில் இருந்த வெந்நீர்ப் பாத்திரத்தை இழுத்துவிட்டிருக்கிறது. முழங்கை வரை வெந்துபோயிற்று. சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்கிறேன், வந்துவிடு என்று நான் சொன்னேன். அதற்கு அவள் சொன்னாள்:

"சம்பளத்துல ஒரு கொறையும் இல்லக்கா. கதவப் பூட்டிட்டு வர்றதுக்குத்தான் மனசு வரல."

பட்டன் அறை

பட்டனும் லேபிளும் அடுக்கி வைத்திருந்த அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, பாய் விரித்தோம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாளை வைத்தோம். முருகேஸ்வரி தன் குழந்தையைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். குழந்தையின் கையில் இன்னும் கட்டு இருந்தது.

முதல் நாள் அந்தக் குழந்தை அழுத அழுகை மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. முருகேஸ்வரி நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்து ஓடினாள். மற்ற பெண்களின் கையும் நின்று நின்று ஓடியது. சூப்பர்வைசர் நேராக முதலாளியிடமே போய், இப்படியே போனால் லைன் படுத்துவிடும் என்றார். அறையை மூடச் சொல்லிவிடுவாரோ என்று நானும் பின்னாலேயே போனேன். முதலாளி அந்த அறை வாசலில் போய் நின்றார். உள்ளே போகவில்லை. திரும்பி வந்து சூப்பர்வைசரிடம் சொன்னார்:

"அழுவட்டும் உடுங்க. பூட்டுன ஊட்டுக்குள்ள அழுதப்ப நமக்குக் கேக்கலீங்க, இப்பக் கேக்குது, அவ்வளவுதானுங்க."

ஊருக்குப் போன அயர்ன் மாஸ்டர்

சஞ்சய் பீகார்க்காரர், அயர்ன் மாஸ்டர். வருஷத்துக்கு ஒரு முறை சம்பளத்தோடு லீவும் போகவர ரயில் டிக்கெட்டும் தருவது என்று அந்த வருஷம்தான் முடிவு செய்திருந்தோம். முதலில் கேட்டவர் அவர். ஷிப்மென்ட் நெருக்கடியில் வந்து, அம்மாவுக்கு முடியவில்லை என்றார். டிக்கெட் கொடுத்தால் போனவர் போனவர்தான் என்று எல்லோரும் எச்சரித்தார்கள். நான் கொடுக்கச் சொன்னேன். முதலாளி மறுக்கவில்லை.

லீவு முடிந்தது, ஆள் வரவில்லை. போன் அணைந்தே கிடந்தது. டைனிங் ஹாலில் என்னைப் பார்த்து நாலு பேர் சிரிக்கும் நிலைமை. நானே வேறு ஆள் தேட ஆரம்பித்துவிட்டேன். ஒரு திங்கட்கிழமை காலை மொட்டைத் தலையோடு ஒருவர் கேட்டில் நின்றார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. வாட்ச்மேன்தான் சஞ்சய் என்றார். உள்ளே கூட்டிவந்து தண்ணீர் கொடுத்தேன். அவரே, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"முன்னாடி கம்பெனி லீவு குடுக்கல மேடம், அப்பா செத்து போச்சு, நான் போன்ல பாத்தேன். இந்த தடவ அம்மா கை புடிச்சு உக்காந்தேன்."

கட்டிங் மாஸ்டர் போன கதை

எல்லாம் ஜெயித்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் கட்டிங் மாஸ்டர் அருள்புரத்தில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டார். மகள் படிப்புக்கு உதவியிருந்தோம், தங்குவதற்கு வீடு பார்த்துக் கொடுத்திருந்தோம். என்ன குறை என்று கேட்டேன். தலை குனிந்து, மரியாதையாகச் சொன்னார்:

"நீங்க செஞ்சதெல்லாம் ரொம்பப் பெருசுங்க மேடம், ஆனா அங்க புள்ள முழிச்சிருக்கறப்பவே ஊட்டுக்கு உட்டர்றாங்க."

ரோசம்மா

ரோசம்மா தூத்துக்குடிப் பக்கம். துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிக்கிற பணத்துக்காக மாதாமாதம் என்னோடு சண்டை போடுவார். பெண்களுக்கு உடல் பரிசோதனை என்று ஒரு நர்சம்மாவை யூனிட்டுக்கே வரவழைத்தபோது, அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு என்று சொல்லியும் அவர் மட்டும் வரவில்லை. முருகேஸ்வரிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வெளியே வந்த நர்சம்மா கதவைச் சாத்திவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மார்பில் கட்டி. இ.எஸ்.ஐ. மூலமாகவே ஆபரேஷன் நடந்தது. பிறகு மருந்து, முடி கொட்டல், மாதக்கணக்கில் படுக்கை. அவர் மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று. திரும்பி வந்தபோது வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. கேட்டுக்கு உள்ளே வராமல், சம்பள பாக்கி ஏதும் இருந்தால் வாங்கிக்கொண்டு போகிறேன் என்றார். முதலாளி அவரை உள்ளே கூட்டிப்போய், தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் டேபிளில் ஒரு நாற்காலியைக் காட்டி, பழைய சம்பளமே என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். ரோசம்மா அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை, அதன் முதுகைப் பிடித்தபடி நின்றார். கட்டி இருப்பது முன்பே தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியும்மா. சொன்னா வேல போயிருமேன்னு வச்சிக்கிட்டே இருந்தேன், கட்டிய விட அந்தப் பயந்தான் பெருசா இருந்துச்சு."

என்ன கொடுக்கலாம் என்று நானும் முதலாளியும் மூளையைக் கசக்கிய நேரத்தில் பாதியை வேலை செய்கிறவர்களிடமே கேட்பதில் செலவழித்திருந்தால், எச்.ஆர். என்று ஒருத்தியை வைத்துச் சம்பளம் கொடுக்கிற வேலையே முதலாளிக்கு வந்திருக்காது.