அபராதத்தில் ஏழுமலையான் பங்கு

இன்னிக்கு சித்தூர் வருமான வரி ஆபீசுக்குப் போயிட்டு வந்தேன்.

என் வெல்ல மண்டிக்கு வரிக்கணக்கு எழுதறவர் ஒரு திருப்பதி குமாஸ்தா. லாபத்துல ஏழுமலையான் உண்டியலுக்குன்னு நான் எடுத்து வைக்கிறதை, கூட்டாளி பங்குன்னு எழுதிக் கழிச்சுட்டார்.

நெத்தி நிறைய நாமம் போட்ட ஆபீசர், "ஏமய்யா, சாமி உன் கூட்டாளியா?"ன்னு கேட்டுட்டு அபராதம் போட்டார்.

"எழுதினது குமாஸ்தாங்க."

"கையெழுத்து உன்னுது. நீதான் கட்டணும்."

வெளியே வந்து, கூட வந்திருந்த குமாஸ்தாகிட்ட, "பாதியாவது குடுய்யா"ன்னேன்.

"சாமிதான் என் கூட்டாளின்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தது நீங்கதானே? அதைத்தான் எழுதினேன்"னார்.

முழுசையும் நானே கட்டிட்டேன்.

லாபத்துல பங்கு வாங்கற கூட்டாளிக்கு அபராதத்துல பங்கு கிடையாதா? இந்த வருஷம் உண்டியல் பணத்துல பாதியைப் புடிச்சுக்கினா பாவமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. குமாஸ்தாகிட்ட மட்டும் கேக்க மாட்டேன்.