பாடைச் சுழி விழுந்த மோட்டார்

தச்சநல்லூர் சிவசண்முகம் பிள்ளையின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால், அவர் மோட்டார் வாங்கிய வருஷத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்கு முன்னாலும் அவர் உயிரோடுதான் இருந்தார். வயல், வாழைத்தோட்டம், வெற்றிலை, மத்தியானத் தூக்கம். அதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது?

1913ஆம் வருஷம். தூத்துக்குடியில் பஞ்சு வியாபாரம் செய்த ஒரு துரை சீமைக்குக் கப்பலேறும்போது தன் மோட்டாரை விற்றுவிட்டுப் போனார். அதைப் பிள்ளை வாங்கினார். வாங்குவதற்கு முன் ஊரில் ஒரு ஆள் விடாமல் யோசனை கேட்டார். எங்கள் ஊர்க்காரர்கள் அதுவரை மோட்டாரைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் ஒருவர்கூட, "எனக்குத் தெரியாது" என்று சொல்லவில்லை. அந்தப் பழக்கம் எங்களுக்குக் கிடையாது.

மோட்டார் வந்ததும் பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. கணக்கப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனார். மாட்டுத் தரகரை ஏற்றிக்கொண்டு போனார். கடை அண்ணாச்சிகளையெல்லாம் ஏற்றினார். அந்த வாரக் கடைசியில் அவர் மனைவி பிரம்மநாயகி, "எங்க அண்ணன் வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வாரேன்" என்று ஸ்ரீவைகுண்டத்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான். மாதம் ஒன்றாகியும் மனைவி திரும்பவில்லை. பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. கூட்டி வர ஆள் அனுப்பினார். "அவுகளுக்கு மோட்டார் இருக்குல்லா, நான் எதுக்கு?" என்று பதில் வந்தது. பிள்ளை அதைக் கேட்டுவிட்டு எல்லோர் முன்னாலும் அழுதார். நான் பார்த்தேன், பாவமாகத்தான் இருந்தது.

அம்மாளுக்கு மோட்டார் என்றால் பயம் என்று ஊர் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பிள்ளை மறுபடியும் யோசனை கேட்கக் கிளம்பினார்.

முதலில் அகப்பட்டவர் பாளையங்கோட்டை மிஷன் பள்ளி வாத்தியார் பாக்கியசீலன். "சீமையில சட்டமே இருக்கு அண்ணாச்சி. மோட்டாருக்கு முன்னால ஒரு ஆள் சிவப்புக் கொடி பிடிச்சு நடக்கணும். அப்ப ஒரு விபத்தும் வராது" என்றார். அந்தச் சட்டத்தைச் சீமையில் எப்போதோ எடுத்துவிட்டார்கள். அது வாத்தியாரின் புத்தகத்துக்கு இன்னும் தெரியவில்லை.

சிவப்புத் துணியோடு ஒரு ஆள் நடக்க, பின்னால் மோட்டார் ஊர்ந்தது. தெருவில் இருந்த பெண்கள் அம்மன்தான் வருகிறாள் என்று மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். ஒருவர் சூடம் ஏற்றிக்கொண்டு பெட்ரோல் தகரத்துக்குப் பக்கத்தில் வந்தார். பிள்ளை அன்றைக்குச் செத்துப் பிழைத்தார்.

"வித்துத் தொலைச்சிருவோம்" என்று பிள்ளை மாட்டுத் தரகர் சுடலையாண்டியை அழைத்து வந்தார். எங்கள் பக்கத்தில் மாடு வாங்குகிறவர்கள் பல்லைப் பார்ப்பதற்கு முன் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் சுழியைப் பார்ப்பார்கள். ராஜ சுழி இருந்தால் குடும்பம் செழிக்கும். பாடைச் சுழி இருந்தால் அந்த மாட்டை இனாமாகக் கொடுத்தாலும் யாரும் தொழுவத்தில் கட்டமாட்டார்கள். சுடலையாண்டி மோட்டாரைச் சுற்றி வந்தார், தட்டினார், முகர்ந்தார், கீழே குனிந்து பார்த்தார். பிறகு எஞ்சின் மூடியைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனார்.

துரை எந்தக் காலத்திலோ முள்வேலிக்குள் விட்டிருக்க வேண்டும். மூடியின் மேல் இரண்டு கீறல்கள் பாடை மூங்கில்போலப் பக்கத்தில் பக்கத்தில் ஓடின.

"அண்ணாச்சி, இது பாடைச் சுழில்லா! இதைக் கண்டுதான் துரை தள்ளிவிட்டிருக்கான். கட்டுன பொண்டாட்டிய வீட்டுல தங்கவிடாது."

அவர் துண்டைப் போட்டு, அதற்குள் பிள்ளையின் விரலைப் பிடித்து ஒரு விலை சொன்னார். துண்டுக்குள் பேசிய விலை வெளியே தெரியாது. பிள்ளையின் முகம் போன போக்கில் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

"இதுக்கு மாத்து ஒண்ணும் இல்லியா வே?"

"ஏன் இல்லாம? சுழி எஞ்சினுக்கு மேலதான இருக்கு. எஞ்சினையும் மூடியையும் கழட்டிப் போடும். ராஜ சுழி உள்ள மாடு ரெண்டைப் பூட்டும். தோஷம் அடிபட்டுப் போவும்."

கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான். மாடு பூட்டிய மோட்டாரைவிடப் பத்திரமான வண்டி உலகத்தில் உண்டா? பெட்ரோல் செலவும் இல்லை. கொல்லன் வந்து எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிச் சாக்கில் கட்டினான். சுடலையாண்டியே இரண்டு மாடுகளைப் பூட்டி, நுகத்தடிக்குப் பின்னால் உட்கார்ந்தார். பிள்ளை நெற்றி நிறையத் திருநீறு பூசி, மோட்டாரைத் திருப்புகிற கைச்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். மாடு எந்தப் பக்கம் போனாலும் அவரும் அந்தப் பக்கம் சக்கரத்தைத் திருப்பினார். வேடிக்கை பார்க்க நானும் தொற்றிக்கொண்டேன்.

ஸ்ரீவைகுண்டத்தில் மச்சினன் வீட்டு வாசலில் போய் நின்றோம். பிரம்மநாயகி அம்மாள் வெளியே வந்தார். மாட்டைப் பார்த்தார். முன்பக்கம் இருந்த ஓட்டையைப் பார்த்தார்.

"எஞ்சின் எங்க?"

"கழட்டிட்டேன். இனி நீ பயப்பட வேண்டாம்."

"நான் பயந்தேன்னு யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது."

"ஊருல எல்லாரையும் கேட்டீங்க. என்னைக் கேட்டீங்களா? மோட்டார் வந்த அன்னைக்குப் பட்டுச்சேலை கட்டி நடைவாசல்லயே நின்னேன். தரகரெல்லாம் ஏறிப் போனாரு. நாளைக்குக் கூப்பிடுவாகன்னு மறுநாளும் கட்டினேன். அதுக்கு மறுநாளும் கட்டினேன். நீ ஏறுதியான்னு ஒரு வார்த்தை கேக்கணும்னு உங்களுக்குத் தோணலியே."

சுடலையாண்டி மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பிள்ளை சின்னக் குரலில் கேட்டார்.

"இப்ப ஏறுதியா?"

அம்மாள் உள்ளே போய்விட்டார். போச்சு என்று நினைத்தோம். பிள்ளை சக்கரத்தின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். வெகு நேரம் கழித்து அம்மாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"மாட்டை அவுக்கச் சொல்லுங்க. மாட்டு வண்டியில போக நான் இவ்வளவு நாள் காத்துக் கெடக்கல."

மாடுகளை அவிழ்த்து ஓரமாகக் கட்டினோம். அம்மாள் என்னையும் இறங்கச் சொன்னார். அம்மாள் ஏறி, பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையைக் காற்றுக்குப் பறக்காதபடி இழுத்துச் செருகிக்கொண்டார். காற்றே இல்லை. தெருவே கூடிவிட்டது.

"எங்க போவோம்?" என்றார் பிள்ளை.

"திருச்செந்தூருக்கு."

பிள்ளை சக்கரத்தைத் திருப்பினார். வண்டி அசையவில்லை. ஆனால் அவர் வளைவுக்கு வளைந்தார், எதிரே வந்த ஆட்டுக்கு ஒதுங்கினார், பள்ளத்தில் குலுங்கவும் செய்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக் கையை எடுக்கவில்லை.

"ஆழ்வார்திருநகரி வந்துட்டா?"

"இந்தா, தாண்டிட்டு."

"என்ன, இவ்வளவு பைய போறீங்க?" என்றார் அம்மாள். "கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்."

பிள்ளை காலை அழுத்தி மிதித்தார்.