நாங்கள் மறைத்த தீப்புண்

அம்மனை நம்பி நடக்கிற எல்லோரிடமும் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு நல்ல பேர் வாங்கித் தருகிற கதை இல்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

போன பங்குனியில் பூக்குழி முடிந்த பன்னிரண்டாம் நாள், மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி வார்டில், என் அப்பா டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தூக்கி என் நெற்றியில் அடித்தார். கையில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ரத்தம் சொட்டச் சொட்ட வாசலைப் பார்த்து நொண்டினார்.

"காலோட வந்தேன், காலோடதான் போவேன். எவனாச்சும் கிட்ட வந்தீக, கொன்னுபுடுவேன்."

மூன்று பேர் சேர்ந்து அவரைக் கட்டிலில் அமுக்கினார்கள். இருபது வருஷம் ராணுவத்தில் இருந்த உடம்பு. அவருடைய இடது காலில் இரண்டு விரல்கள் கரியாகிக் கிடந்தன. நான் கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தபடி நின்றேன். இனி எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். நான் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு மில்லில் மெஷின்களைப் பராமரிக்கிறவன், டிப்ளமோ படித்தவன். அப்பாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. நினைத்தால் மாத்திரை போடுவார், நினைக்காவிட்டால் சிகரெட். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமலே நாலு எட்டு நடந்து போவார். நாங்கள் சிரிப்போம். அது நோய் என்று எங்களுக்கு உறைக்கவில்லை.

வருஷா வருஷம் காப்புக் கட்டி, விரதமிருந்து, மாரியம்மன் பூக்குழியில் இறங்குவார். எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. விரதம் சுத்தமாக இருந்தால் நெருப்பு சுடாது. சுட்டால் விரதத்தில் குற்றம். போன முறை அப்பா ஓடவில்லை. நடந்தார். நடுக்குழியில் நின்று, அம்மன் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். கூட்டம் அலறியது. நான் அதை வீடியோ எடுத்து, 'என் அப்பாவுக்குச் சூடே தெரியவில்லை, எல்லாம் தாய் அருள்' என்று எழுதி, பூக்குழி இறங்குகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பார்க்காத ஆள் இல்லை.

மூன்றாம் நாள் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"ஏலே, ஒங்கப்பா நடந்த எடமெல்லாம் ஈரமா இருக்கு. என்னன்னு பாருலே."

உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து சதை தெரிந்தது. அப்பா காலை இழுத்துக்கொண்டார்.

"வெளிய மூச்சு விடக் கூடாது. விரதத்துல எம்புட்டுக் கறி தின்னேன்னு கேப்பானுக."

"கேக்கட்டுமே. ஆசுபத்திரிக்குப் போவோம்" என்றார் அம்மா. அப்பா வீசிய சோற்றுத் தட்டு சுவரில் மோதி அம்மாவின் காலடியில் விழுந்தது.

நான் அம்மா பக்கம் நின்றிருக்க வேண்டும். அப்பா பக்கம் நின்றேன். மில்லிலிருந்து காஸ் துணி கொண்டுவந்து, களிம்பு தடவிக் கட்டி, மேலே சாக்ஸ் மாட்டிவிட்டேன். அப்பாவின் சேக்காளி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, இந்த வெயில்ல சாக்ஸு? கொடைக்கானலுக்கா கெளம்பிட்டே?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அதிகம் சிரித்தது நான்.

பத்தாம் நாள் காய்ச்சல் கொதித்தது. சாக்ஸைக் கழற்றியதும் வீடே நாறியது. சர்க்கரை நானூற்று எண்பது. இராஜபாளையத்தில் பார்த்த டாக்டர் கட்டைப் பிரித்த கையோடு மதுரைக்கு அனுப்பினார்.

மதுரையில் ஒரு டாக்டரம்மா பேனா போன்ற கருவியை அப்பாவின் வலது கால் மேல் வைத்தார். உஸ், உஸ் என்று ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. இடது காலில் வைத்தார். சத்தமே இல்லை.

"முழங்காலுக்குப் பின்னாடி ரத்தக் குழாய் அடைச்சிருக்கு. சர்க்கரையும் சிகரெட்டும் வருஷக்கணக்கா செஞ்ச வேலை. நரம்பும் செத்துப் போச்சு, அதான் சுட்டது தெரியல. பலூன் வச்சு அடைப்பைத் திறக்கப் பாக்கலாம். ரெண்டு விரலை எடுத்தாகணும். லேட் பண்ணினா முழங்காலுக்குக் கீழ மொத்தமும் போயிரும். அதுக்கும் மேல போனா உயிருக்கே கேரண்டி இல்ல."

அப்பா கையெழுத்துப் போட மறுத்தார். விரல் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும். நான் பேனாவை நீட்டியபோதுதான் அந்த அடி விழுந்தது.

நெற்றியில் நாலு தையல். மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். சுவரை முஷ்டியால் குத்திக் குத்திக் கைத்தோல் உரிந்தது. "நீயெல்லாம் ஒரு தாயா? உன் நெருப்புல நடந்தவருக்கு இதா கூலி?" என்று அம்மனைத் திட்டினேன். இங்கே எழுத முடியாததையும் சொன்னேன். திட்டித் தீர்ந்த பிறகுதான் உண்மை வாயில் வந்தது.

"தாயே, மறைச்சது நான். அவரு மானத்துக்காக இல்ல, என் வீடியோவுக்காக. என் பேரு நாறட்டும். அவரு மனசை மட்டும் திருப்பு."

அசரீரி எதுவும் கேட்கவில்லை. ஆனால் என் கை போனை எடுத்தது. அப்பாவின் காலைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதே குழுவில் அதைப் போட்டு எழுதினேன்: 'அப்பாவுக்குச் சுட்டுவிட்டது. நான் மறைத்தேன்.'

முதல் பதில், 'விரதத்தில் என்ன குறையோ.' இரண்டாவதும் அப்படித்தான். பிறகு ஒரு போன் வந்தது. சேத்தூரில் தேங்காய் வியாபாரம் பார்க்கிற ஒருவர், அப்பாவோடு இறங்குகிறவர்.

"தம்பி, அண்ணாச்சிகிட்டக் குடு."

ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் தலையணைமேல் வைத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணாச்சி, எனக்கும் மூணு வருசமாச் சுடுது. பொண்டாட்டிகிட்டக்கூடச் சொன்னதில்ல."

அப்பா போன் பக்கம் திரும்பிக் கேட்டார், "விரதம் ஒழுங்கா இருந்தியாலே?"

"ஒரு நாள் தப்பல."

"அப்பறம் ஏன்லே சுட்டுச்சு?"

"நெருப்புல்ல அண்ணாச்சி. சுடத்தான செய்யும்."

அப்பா சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாயிற்று. அம்மா அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "பேனாவக் குடுலே" என்றார் அப்பா. அந்தச் சொல்லில் என் தாய் மாரியம்மன் எனக்குப் பதில் சொல்லிவிட்டாள். இதை யாரும் தற்செயல் என்று சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன். எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பலூன் வைத்து அடைப்பைத் திறந்தார்கள். விரல் இரண்டையும் வெட்டினார்கள், செத்த சதையைச் சுரண்டி எடுத்தார்கள். டாக்டரம்மா இடது காலில் கருவியை வைத்ததும் உஸ், உஸ். "இன்னொருக்கா வைங்கம்மா" என்று அம்மா கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே மறுபடியும் வைத்தார்.

கால் பிழைத்தது. அப்பா சிகரெட்டை விட்டார், இன்சுலினைத் தானே போட்டுக்கொள்கிறார். தினமும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறார். கோபம் மட்டும் முழுசாகப் போகவில்லை. அதற்கும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பங்குனியில் அவர் குழியில் இறங்கவில்லை. காப்புக் கட்ட வருகிறவர்கள் நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். சர்க்கரை இருக்கிறவர்களைக் கூப்பிட்டு, கண்ணை மூடச் சொல்லி, கால் விரலை ஒவ்வொன்றாகத் தொட்டார். தொட்டது தெரியாதவர்கள் இறங்க வேண்டாம், பால்குடம் எடுக்கட்டும், ஆஸ்பத்திரிக்கும் போகட்டும் என்றார். சிலர் முறைத்தார்கள். அப்பாவும் முறைத்தார்.

உங்களுக்கும் சர்க்கரை இருந்தால், புண் இருந்தால், தயவுசெய்து மறைக்காதீர்கள். தாயிடம் திட்டியாவது சொல்லுங்கள். டாக்டரிடமும் காட்டுங்கள். அந்தத் தாய் கைவிடுகிறவள் இல்லை.

காப்புக் கட்டின அன்று வத்திராயிருப்பிலிருந்து ஓர் ஆள் வந்தார். நாற்பது வயதுகூட இருக்காது. அப்பா அவருடைய கட்டைவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "தெரியுதாலே?" என்று கேட்டார்.

அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "மொதல்ல தொடுங்க அண்ணாச்சி. பொறவு கேளுங்க."