பில் ரோல் அகலத்தில் ஒரு நாவல்

ஐம்பத்தேழு மில்லிமீட்டர். குவைத்தின் அப்பாசியாவில் மீராசா நடத்தும் மளிகைக் கடையின் பில் ரோல் அகலம் அவ்வளவுதான். அதில் பேனாவால் ஆங்கிலம் எழுதினால் வரிக்கு ஐந்தாறு சொற்களுக்கு மேல் கொள்ளாது.

அதிராம்பட்டினத்துக்காரரான மீராசாவுக்கு நாற்பத்தாறு வயது. ஊர்ப்பக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அஞ்சல் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறார். ஆய்வேட்டின் பொருள், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலப் பெண் எழுத்தாளர்களின் நாவல்களில் உள்ள கவிதை நடை. படிப்பெல்லாம் கல்லாவில்தான். ஒரு வாக்கியம் பிடித்துவிட்டால் ரோலில் ஒரு முழம் கிழித்து எழுதுவார். மூச்சு நிற்கும் இடத்தில் வரியை மடக்குவார். பக்க எண்ணைத் துண்டின் பின்புறம் குறிப்பார். இப்படி ஒரு பிஸ்கட் டின் நிறையச் சேர்ந்துவிட்டது. ஏட்டைத் தட்டச்சு செய்தபோது முன்புறத்தை அப்படியே அடித்தார். பின்புறத்தைத் திருப்பவே இல்லை.

வழிகாட்டி பேராசிரியர் பத்மா ஏட்டைத் திருப்பி அனுப்பினார்: "கேட்டது நாவல். நீங்கள் கவிதைகளைத் தொகுத்திருக்கிறீர்கள்." பதிவுக்காலம் ஜூனோடு முடிகிறது. வீடியோ நேர்காணலில் அவரை ஒப்புக்கொள்ளவைக்காவிட்டால் நான்கு வருடப் படிப்பு போச்சு.

நேர்காணல் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கடையிலேயே நடந்தது. குப்பூஸ் ரொட்டி வாங்க வந்த டிரைவர் கார்மேகம் அவசரப்பட்டார்.

"பாய், பில்லப் போடுங்க. டூட்டிக்கு நேரமாச்சு."

"பரீட்சை நடக்குது, கொஞ்சம் பொறுங்க."

"கல்லாவுலயா? பாஸானா குப்பூஸ் ஃப்ரீதானே?"

போனில் இருந்த பத்மா சிரிக்கவில்லை. "இதெல்லாம் யார் எழுதின கவிதை, மீராசா?"

"கவிதை இல்ல மேடம், நாவல்தான். பில் ரோல்ல எழுதினேன், வரி உடைஞ்சிருச்சு." மூல நாவலை விரித்து கேமரா முன் பிடித்தார். பக்கம் முழுக்க ஒரே பத்தி.

"சரி, வாசிங்க."

தாய் இறந்த வீட்டில் மகள் சன்னல்களை ஒவ்வொன்றாக அடைக்கும் இடம் அது. மீராசா எங்கும் வரி மடக்காமல், பத்தியாகவே வாசித்தார். வாக்கியங்கள் நீளமாகத்தான் தொடங்கின. சன்னல்கள் அடைபட அடைபட அவையும் குறுகின. கடைசிச் சன்னலுக்கு இரண்டே சொற்கள்.

கார்மேகத்துக்கு ஆங்கிலம் தெரியாது. கையிலிருந்த குப்பூஸை மேசையில் வைத்துவிட்டார்.

"யாரு பாய் செத்துட்டாங்க?"

பத்மாவுக்கும் அது கேட்டது. "அவருக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"சுத்தமாத் தெரியாது மேடம்."

பத்மா சொன்னார்: "உடைச்ச வரிகள் அப்படியே இருக்கட்டும். எதிர்ப்பக்கத்துல மூலப் பத்தியைப் போடுங்க. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாத்தான் நீங்க கண்டுபிடிச்சது புரியும்."

கண்டுபிடிப்பு என்று பேராசிரியரே சொன்னது மிகையில்லை. பலர் வேகமாகப் புரட்டிப்போகும் உரைநடைக்குள் தாளம் இருப்பதை இந்த மனிதர் அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, காதால் பிடித்திருக்கிறார்.

டின்னில் நூற்று நாற்பது துண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் திருப்பி, பக்க எண் பார்த்து, மூலப் பத்தியைச் சேர்த்து ஜூன் இருபதுக்குள் மீராசா ஏட்டை மறுபடி அனுப்ப வேண்டும்.