பினாங்குக்குப் போகவிருந்த சிஸ்டர் மரகதம்

சிஸ்டர் மரகதம் இறந்த செய்தி நான்கு நாள் கழித்துத்தான் அந்தமானின் வடகோடியில் இருக்கும் எங்கள் திக்லிபூர் ஆஸ்பத்திரிக்குக் கப்பலில் வந்தது. போர்ட் பிளேரிலிருந்து மருந்து கொண்டுவந்த கம்பவுண்டர், பெட்டிகளையெல்லாம் இறக்கிவைத்த பிறகு சொன்னார்: "போர்ட் பிளேர்ல, அந்த ஷாதிபூர் வீட்லயே உயிர் போயிருச்சு ஜமீலா. எல்லாம் முடிஞ்சுது." அதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கொதிக்கவைத்த ஊசிகளையே மறுபடியும் கொதிக்கவைத்தேன். எடை பார்க்க வந்த குழந்தையை இரண்டு முறை தராசில் வைத்தேன். அதன் தாய் என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

அவரிடம் பயிற்சி பெற்ற யாருக்கும் முதல் வகுப்பு மறந்திருக்காது. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் குழந்தை நல நர்சுகளுக்குப் பாடம் எடுத்தவர் என்று சொல்லியிருந்தார்கள். வங்காளி, தெலுங்கு, கரேன், தமிழ் என்று கலந்திருந்த நாங்கள் நோட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்தோம். அவர் தேயிலைத் தோட்டத்துத் தமிழில் ஒரு வரியும் அரைகுறை இந்தியில் ஒரு வரியுமாகச் சொன்னார்:

"கண்டிப் பக்கம் தோட்டத்து ஆஸ்பத்திரி. வயித்தால போன புள்ள. வாயில ஒண்ணும் குடுக்காதேன்னு பெரியவங்க சொன்னாங்க. தண்ணி தண்ணின்னு கேட்டுச்சு. நான் குடுக்கல. பொழுது சாயுறதுக்குள்ள போயிருச்சு. இத எழுதிக்கங்க. என் பேரப் போட்டே எழுதுங்க."

ஓர் ஆசிரியை இப்படியா பேசுவார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அந்தக் கோபம் தீர ஒரு மழைக்காலம் ஆனது. பயிற்சி முடிந்து நான் திக்லிபூருக்கு வேலைக்கு வந்திருந்தேன். அங்கே குடியேறிய வங்காளிக் குடும்பம் ஒன்று, வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தது. கண் குழிந்திருந்தது. கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது. சலைன் தீர்ந்திருந்தது, கடல் கொந்தளிப்பில் கப்பலும் இல்லை. வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று மெயின்லேண்டிலிருந்து வந்த இளம் டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வேலையைப் பார்க்க வந்திருந்த சிஸ்டர் அவரிடம் போய் நின்றார்.

"உத்தரவு உங்களது, டாக்டர் சாப். புள்ள நம்ம எல்லாரோடது. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணி குடுக்கப்போறேன். என் மேல எழுதிப் போடுங்க."

டாக்டர் வெளியே போனார். ஒவ்வொரு தேக்கரண்டியாகக் கொடுத்தோம். குழந்தை வாந்தி எடுத்தது. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி கொடுத்தோம். "நிறுத்திடலாமா சிஸ்டர்?" என்று கேட்டேன். "அன்னிக்கிக் கண்டியில தண்ணி குடுக்காம நிறுத்தின கைதான் இது" என்று தம் கையைக் காட்டினார். சாயங்காலம் அந்தத் தாய் ஈரச் சேலையோடு எழுந்து, "தீதி, பேஷாப் கர் தியா!" என்று கத்தினாள். குழந்தை மூத்திரம் போனதற்கு மூன்று பெண்கள் சேர்ந்து அழுததை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் டாக்டரே வந்து, கஞ்சியில் எவ்வளவு உப்பு என்று கேட்டார். சிஸ்டர் சொல்லிவிட்டு, "அடுத்த வகுப்புல நீங்களே வந்து சொல்லுங்க" என்றார். அவரும் வந்தார்.

கப்பல் தளத்தில்கூட சிஸ்டர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கைக்குழந்தையோடு யார் இருந்தாலும் போய்ப் பேச்சுக்கொடுப்பார்.

போன மாதம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. பினாங்கில் ஒரு வகுப்பு எடுக்க அழைத்திருக்கிறார்கள், உடம்பு இடம் கொடுக்கவில்லை, என் இடத்தில் நீ போ என்று எழுதியிருந்தார். எனக்குக் குழந்தையைப் பார்க்கத் தெரியும், பாடம் எடுக்கத் தெரியாது. அந்தமானைத் தாண்டிப் போனதும் இல்லை. இன்றைக்கு எழுதுவோம், நாளைக்கு எழுதுவோம் என்று பதிலைத் தள்ளிப்போட்டேன். அவர் காத்திருந்தாரா என்று இனி யாரிடம் கேட்பேன்?

கடிதத்தின் கடைசியில் இப்படி இருந்தது: "பயமாக இருக்கிறது என்று சொல்வாய். நல்லது. பயமில்லாதவர்கள் சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் போகவே கூடாது."

நேற்று, வருகிறேன் என்று பினாங்குக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். அவர் நல்லது என்று சொன்ன அந்தப் பயத்தைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை அதோடுதான் கப்பல் ஏறுகிறேன்.