யானாவின் அப்பாவுக்கு இரண்டு பெயர்

ஊரில் நாங்கள் மறைத்ததை இங்கே கனடாவில் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். டோர்செட் பார்க்கில் நான் வேலைக்குப் போய்ப் பராமரிக்கும் யானா, செக் நாட்டு மனுசி. எண்பது வயது இருக்கும். அவரின் அப்பா உலகப் போர் தொடங்கும் நேரம் களவாக எல்லை தாண்டிப் போலந்துக்குப் போனவர். போர் முடிய இங்கிலாந்திலிருந்து பட்டாளத்துக்காரனாகத் திரும்பினார். இடையில் நடந்ததைச் சொல்லாமலே செத்துப்போனார். யானா சட்டம் போட்ட அவரின் படத்துக்குப் பக்கத்தில் வரைபடம் ஒட்டி அவர் போன வழியைச் சிவப்பு நூலால் தேடுகிறார். நூல் போலந்தோடு நிற்கிறது.

போன கிழமை பட்டாளத்துக் கடிதம் ஒன்றை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"வேற பெயரில இருந்திருக்கிறார்! இவ்வளவு நாளும் இல்லாத ஆளைத் தேடியிருக்கிறன். ஏன் மாத்தினவர்?"

"உண்மைப் பெயர் தெரிஞ்சா வீட்டில இருக்கிற ஆக்களைப் பிடிப்பாங்கள்" என்றேன்.

என் கையைத் தொட்டுப் பார்த்தார். "உனக்குக் குளிருது" என்று ஹீற்றரைக் கூட்டினார்.

குளிர் இல்லை. பயம்.

என் மனுசன் இயக்கத்தில் இருந்தவர். சேர்ந்தவுடன் அங்கே வேறு பெயர் வைப்பார்கள். கூட நின்றவர்களுக்கு அதுதான் தெரியும், வீட்டுப் பெயர் தெரியாது. கடைசிச் சண்டைக்குப் போனவர் வரவில்லை. அவர் படத்தை அடுப்பில் போட்டேன். முகாமில் ஆமி விசாரித்தபோது, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, லொறி ஓட்டினவர், ஷெல் பட்டுச் செத்தவர் என்றேன். மகளையும் அந்தப் பொய்யைச் சொல்லியே வளர்த்தேன். மாமியும் மச்சானும் இன்னும் ஊரில்தான்.

மகள் என்னைக் கூட்டிப்போக வந்த ஒரு நாள் அந்தச் சிவப்பு நூலைப் பார்த்துவிட்டாள். இப்போது வெள்ளிக்கிழமை ஊருக்குப் பிளைட். அப்பாவின் வீட்டுப் பெயரைத் தாளில் எழுதி வைத்திருக்கிறாள், அவர் கடைசியாக நின்ற இடத்தைத் தேட.

"கனடா பாஸ்போர்ட் அம்மா. எனக்கு என்ன செய்வாங்கள்?"

"உனக்கில்லைப் பிள்ளை. அங்க இருக்கிற எங்கட ஆக்களுக்கு."

"எல்லா இடமும் மெசேஜ் போட்டுக் கேட்டிட்டன். அப்பிடி ஒரு லொறி ட்ரைவரை ஒருத்தருக்கும் தெரியேல்லை." தாளை மடித்தாள். "அப்பா எண்டு ஒராள் உண்மையா இருந்தவரோ அம்மா?"

அந்தக் கேள்வியோடு அவளை அனுப்ப மனம் வரவில்லை. தாளை வாங்கிக் கிழித்தேன். குசினிக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அவள் காதுக்குள் மற்றப் பெயரைச் சொன்னேன். எழுதாதே, போனில் சொல்லாதே, கூட நின்றவர் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் கேள் என்றேன். இங்கேயும் அதை எழுதமாட்டேன்.

அவள் கனடா நாக்கால் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள். நான் தவிர வேறொருவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுக் கனகாலம்.

நாங்கள் இருப்பது மல்வேர்னில், பதினோராம் மாடி. கீழே பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குத் தமிழே தெரியாது.

என்றாலும் போய் யன்னலைப் பூட்டினேன்.