நூற்றெட்டாவது கார்

அண்ணையைப் பற்றி இந்த நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னபோது, நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தட்டிக்கழிக்கப் பார்த்தேன். அண்ணி விடவில்லை. அண்ணை சொல்லிவிட்டுப் போன விஷயம் ஒன்று இருக்கிறது, அதை எழுதக்கூடியவள் நீ ஒருத்திதான் என்றார். அது உண்மை. ஆகவே அவர் மறைந்த முப்பத்தோராம் நாளாகிய இன்று இந்த மண்டபத்தில் கூடியிருக்கும் உறவுகளே, நண்பர்களே, அழுது முடித்த ஒருத்தி எழுதுவதாக நினைத்து இதை வாசியுங்கள். இதில் துக்கத்தை விட ஆறுதல்தான் அதிகம்.

அண்ணை சாவகச்சேரியில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பன்னிரண்டு வருடம் கழித்து நான். எங்களைப் பெற்ற ஐயா வாடகைக் கார் ஓடினார். அது 'பிரிபெக்ற்' என்னும் பழைய கார். இங்கிலாந்தில் செய்தது என்றாலும் கம்பனி அமெரிக்கக் கம்பனி. அந்தக் கம்பனியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்பது பின்னால் விளங்கும். எங்கள் வீடுகளில் 'கம்பனி' என்றால் எதுவென்று உங்களுக்குத் தெரியாததா?

சண்டையில் ஐயாவின் கார் எரிந்தது. எண்பதுகளின் நடுவில் அண்ணை கிழக்கு பெர்லின் வழியாக இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தார். அகதி முகாமில் ஒன்றரை வருடம், பிறகு ஒரு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. விசா கிடைத்த கையோடு கொலோன் நகரில், ரைன் ஆற்றங்கரையில் இருக்கும் கம்பனியின் தொழிற்சாலையில் சேர்ந்தார். "ஐயாவின்ர கார்க் கம்பனி இஞ்சையும் இருக்கு, அதிலை எனக்கு வேலை" என்று அம்மாவுக்கு எழுதிய கடிதத்தை அம்மா ஊர் முழுக்கக் காட்டினார். என்னை இங்கே கூப்பிட்டதும் அண்ணைதான், கலியாணம் செய்து வைத்ததும் அவர்தான். அவருக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையை அவர் வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை.

கம்பனியின் சரித்திரத்தை அவர் வாயால் கேட்காதவர்கள் இந்த மண்டபத்தில் இருக்க மாட்டார்கள். பிறந்தநாளோ, பூப்புனித நீராட்டு விழாவோ, சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றால் போதும், தொடங்கிவிடுவார். அமெரிக்காவில் ஒரு விவசாயியின் மகன் கம்பனியைத் தொடங்கினது, ரி மொடல் என்ற காரைச் செய்து சாதாரண சனமும் கார் வாங்கலாம் என்று காட்டினது, கன காலம் அதைக் கறுப்பு நிறத்தில் மட்டும் விற்றது. ஆள் காரைத் தேடிப் போகாமல் கார் ஆளைத் தேடி வரும் விதமாக லைன் போட்டதுதான் பெரிய மூளை என்பார். பிறகு ரைன் கரைக்கு வருவார். இரண்டாம் உலகச் சண்டைக்குப் பிறகு வந்த தவுனுஸ் கார், அதில் குளிக்கும் தொட்டி மாதிரி உருண்டையாக ஒன்று, வாலிபர்கள் உயிரை விட்ட கப்ரி, முதலாளிமாரின் கிரனாடா, கடைசியில் ஏழைக்கும் பணக்காரனுக்கும் பொதுவான பியெஸ்ரா. பியெஸ்ராவுக்கு வரும்போது சோறு ஆறிவிடும். "அண்ணை, உங்கட கம்பனி உங்களுக்குச் சம்பளம் தருகுதோ, எங்களுக்கும் தருமோ?" என்று நான் நக்கல் அடிப்பேன். கோபிக்க மாட்டார்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

மார்க் காசு போய் ஐரோக் காசு வந்த வருடம் எனக்கு இதயத்தில் வால்வு மாற்றும் சத்திரசிகிச்சை நடந்தது. காலை எட்டு மணிக்கு என்னை உள்ளே கொண்டுபோவதாக ஏற்பாடு. அண்ணை அன்றைக்கு லீவு கேட்டார். புதுப் பியெஸ்ரா லைனுக்கு வந்த நேரம், ஆள் பற்றாக்குறை, லீவு கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டியவர் லைனில் நின்றார்.

அவருடைய வேலை கதவின் உள்பக்கத்தில். ரப்பர் விளிம்பைப் பொருத்தி, மூடித் தகட்டைப் போட்டு அமத்துவது. பிலிம் டப்பா ஒன்றில் பிள்ளையார் கோயில் திருநீறு கொண்டுபோயிருந்தார். நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாகவும் நூற்றெட்டு முறை சுற்றி வருவதாகவும் நேர்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். லைனில் நிற்கிற மனுசன் எதை நூற்றெட்டாகச் செய்வது? கடிகாரம் எட்டைக் காட்டியதும், தன்னைத் தேடி வருகிற ஒவ்வொரு கதவிலும், தகட்டுக்கு உள்ளே ஒரு விரல் திருநீறு. நூற்றெட்டுக் கார் முடியத் தங்கச்சி கண் திறப்பாள். இதுதான் அவர் வைத்த நேர்த்திக்கடன்.

அறுபத்தொன்று வரை போயிற்று.

பின்னால் நின்ற பரிசோதகர் ஏதோ ஒரு தகட்டைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். கறுப்புக் காரில் வெள்ளைக் கோடு. அடுத்ததிலும் கோடு, அதற்கு அடுத்ததிலும் கோடு. பெயின்றில் பிழையோ, உலோகத்தில் ஏதும் பூத்துவிட்டதோ என்று பயந்து லைனை நிறுத்திவிட்டார்கள். அந்தத் தொழிற்சாலையில் லைன் நிற்பது கோயிலில் தேர் நடுத்தெருவில் நிற்கிற மாதிரி, எல்லாருடைய கண்ணும் ஒரு ஆளில்தான் விழும். மைஸ்ரர், அதாவது அந்தப் பகுதிப் பொறுப்பாளர், ஓடி வந்தார். இது என்ன தூள் என்று கேட்டார். அண்ணை பொய் சொல்லவில்லை. கையுறைக்குப் போடும் பவுடர் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். சாமிச் சாம்பல், தங்கச்சிக்கு இந்த நேரம் நெஞ்சைத் திறந்திருக்கிறார்கள் என்றார்.

மைஸ்ரர் கொலோன்காரர். காணிவல் கொண்டாட்டம் முடிந்து, சாம்பல் புதன் அன்று தேவாலயத்தில் தானும் நெற்றியில் சாம்பல் பூசி இரண்டு கிழமைதான் ஆகிறது என்றாராம். ஆனால் மனிதர் சட்டம் தவறவில்லை. அறுபத்தொரு காரும் துடைக்கப்பட்டன. அண்ணைக்கு எழுத்தில் கண்டிப்பு, இன்னொரு தரம் நடந்தால் வேலை இல்லை. அதற்குப் பிறகு தன் சொந்தக் காரில் அண்ணையை ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விட்டவரும் அதே மைஸ்ரர்தான். கம்பனியின் பெயரை எழுதாதது இவருக்காகத்தான், வேலை நேரத்தில் லைனை விட்டு வந்ததற்கு இவரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. ஓய்வு பெற்றுவிட்டார், இன்று முன்வரிசையில் இருக்கிறார். அந்தக் கண்டிப்புக் கடிதத்தை அண்ணை சாமித்தட்டில், பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

நான் பிழைத்துக்கொண்டேன். அண்ணைக்கு நிம்மதி போய்விட்டது. நேர்த்தி அரைகுறையில் நிற்கிறதே! கோயில் ஐயரிடம் போய்க் கேட்டிருக்கிறார், துடைத்த அறுபத்தொன்றும் கணக்கில் வருமோ வராதோ என்று. "நீங்கள் பூசினது பூசினதுதான், துடைச்சது அவையின்ர வேலை" என்று ஐயர் தீர்ப்புச் சொன்னார். அப்படியென்றால் மிச்சம் நாற்பத்தேழு. தொழிற்சாலைக்குள் இனி ஏலாது. வெளியில்தான் செய்ய வேண்டும், அதுவும் கம்பனிக் காராக இருக்க வேண்டும்.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். நீங்கள் கார் வாங்கினால் எங்கிருந்தோ மணம் பிடித்து, சில்லுக்குக் கீழே வைத்து நசிக்க நாலு தேசிக்காயும் திருநீறுமாக அண்ணை வந்து நிற்பாரே, அது இதற்காகத்தான். தமிழ்க்கடைக்காரரின் ரான்சிற் வான் அறுபத்திரண்டு. மியூனிக்கில் கம்ப்யூட்டர் வேலை செய்யும் மருமகன் முறைப் பையனின் போக்கஸ் காருக்காக இரவல் ரயில் ரிக்கற்றில் போய் வந்தார். ஹனோவரில் படிக்கும் மச்சாளின் மகள் 'கா' என்னும் சின்னஞ்சிறிய கார் எடுத்தபோது, அது ஸ்பெயினில் செய்ததாயிற்றே என்று இரண்டு நாள் யோசித்தார். கம்பனி ஒன்றுதானே என்று பிறகு மனதைத் தேற்றிக்கொண்டு போனார். பழைய எஸ்கோட் காரையும் விடவில்லை. யப்பான் கார் வாங்கினவர்களிடம் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார். அந்தப் பட்டியலில் முதல் ஆள் என் கணவர். "மச்சான், உமக்கு வேறை கார் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டு ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வெறும் கம்பனிப் பைத்தியம் என்றே நான் நினைத்தேன். நடுவில் எனக்குப் படபடப்பு வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அந்தக் கிழமையில் மட்டும் அண்ணை நாலு கார் தேடிப் பிடித்தாராம். அண்ணிக்கு மட்டும் எல்லாம் தெரியும். வாய் திறக்கவில்லை, அப்படி ஒரு மனுசி.

இந்த வருடத் தொடக்கத்தில் பழைய காரைக் கொடுத்துப் புதுக்கார் எடுத்தால் அரசாங்கம் பணம் தரும் என்று ஒரு திட்டம் வந்தது. நம் சனம் விடுமா? எல்லாரும் துருப்பிடித்ததைத் தள்ளிவிட்டுப் பியெஸ்ரா எடுத்தார்கள். கோடை வர முன்னமே எண்ணிக்கை நூற்றேழு. அந்தக் கோடையில்தான் அண்ணைக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். சத்திரசிகிச்சை ஏலாது, மாதக் கணக்குத்தான்.

நூற்றெட்டாவதை என்னுடைய காருக்கென்று அவர் வைத்திருந்தார். எனக்காக நேர்ந்தது என்னிடத்தில் முடிய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். எனக்கோ லைசன்சே கிடையாது. ஐந்தாறு வருடமாக லைசன்ஸ் எடு, எடு என்று அவர் கேட்பதும், பஸ் ஓடுது, வீட்டுக்காரர் கார் ஓடுறார், எனக்கு என்னத்துக்கு என்று நான் மறுப்பதும் விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதைதான். நோய் வந்த பிறகு அவர் கேட்ட ஒரே ஒரு விஷயம் அதுவாகத்தான் இருந்தது. காரணம் சொல்லவில்லை. சொன்னால் பயத்தில் நான் காரைத் தொட மாட்டேன் என்று நினைத்திருக்கிறார், அதுவும் சரிதான். ஐம்பத்தொரு வயதில் படிக்கப் போனேன். முதல் தரம் சைக்கிள்காரருக்கு வழி விடாமல் தோற்றேன். இரண்டாம் தரம் ஏன் தோற்றேன் என்று எனக்கு இன்னும் தெரியாது. தோற்ற செய்தியைக் கேட்டு அண்ணை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது, உயிர் ஊசலாடுகிற நேரத்தில் இந்த மனுசனுக்கு என்ரை லைசன்ஸ் கவலை என்று.

இந்த இடத்தில் அண்ணியின் தம்பியிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். நீங்கள் அந்த நேரம் புது மொண்டேயோ கார் எடுத்து, வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, அண்ணையைக் கூப்பிட்டீர்கள். அவர் இறங்கி வரவில்லை. காலையில் தலைமயிர் வெட்டப் போய் வந்த மனிதர் உங்களுக்கு மட்டும் ஏலாது என்றதில் உங்கள் மனம் நொந்தது எனக்குத் தெரியும். வந்து பூசியிருந்தால் உங்களுடையது நூற்றெட்டாகியிருக்கும். வேறு ஒரு காரணமும் இல்லை.

மூன்றாம் தரம் ஒக்டோபரில் சித்தியடைந்தேன். கொலோனில் செய்த, ஏழு வயதான, வெள்ளி நிறப் பியெஸ்ரா ஒன்றை என் கணவரே தேடிப் பிடித்தார். யப்பான் கார்க்காரருக்கு இது என்ன புதுப் புத்தி என்று எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அண்ணி அவரிடம் சொல்லியிருக்கிறார். அண்ணையைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கம்பளியால் சுற்றி, அவர்கள் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுவந்தோம். நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய். கதவுத் தகட்டைக் கழற்றச் சொன்னார். மேலே பூசினால் போதாதோ என்று நான் கேட்க, உள்ளேதான் என்று பிடிவாதமாக நின்றார். விரலால் ஒரு திருநீற்றுக் கோடு இழுத்தார். பிறகு நான் காரை எடுத்தேன். இரண்டு தரம் நின்று போயிற்று, மூன்றாம் தரம் தேசிக்காய் நசிந்தது.

கண்ணாடியை இறக்கச் சொன்னார். அங்கே வைத்துத்தான் முழுவதையும் சொன்னார், சத்திரசிகிச்சை நாளின் எட்டு மணியிலிருந்து. நான் ஸ்ரேரிங்கைப் பிடித்தபடி அழுதேன். அவர் அழவில்லை. பல வருடத்துக்குப் பிறகு அவருடைய முகத்தில் ஒரு பாரம் இறங்கியிருந்தது.

"நூற்றெட்டு முடிஞ்சுது தங்கச்சி. அண்டைக்குத் தராத லீவை இனித்தான் எடுக்கப் போறன்."

பதினொரு நாள் கழித்து, அண்ணியின் கையைப் பிடித்தபடி, நோவில்லாமல் போனார். எனக்கு இதைவிடப் பெரிய நிம்மதி வேறில்லை. அவர் அந்தக் கதவைப் பூசாமல் போயிருந்தால், என் நெஞ்சு அடிக்கிற ஒவ்வொரு அடியும் எனக்கு ஒரு குற்றச்சாட்டாக இருந்திருக்கும்.

அண்ணை விட்டுப்போன வேலையை முடிக்கிறேன். கல்வெட்டில், அதாவது இந்த நினைவு மலரில், நன்றி சொல்லும்போது வைத்தியர்களையும் சமைத்துத் தந்தவர்களையும் சொல், ஆனால் அறுபத்திரண்டிலிருந்து நூற்றேழு வரை கார் வாங்கினவர்களை மறந்துவிடாதே என்றார். இரவு பகலாகப் பார்த்த தாதிமாருக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயருக்கும், சோறு கறி கொண்டுவந்த அயலவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றிகள். கார் வாங்கிய உங்களுக்கு அண்ணையின் நன்றி. நீங்கள் அறியாமலே என் உயிருக்காக வாங்கியிருக்கிறீர்கள். விற்கும்போது கதவைத் துடைத்தாலும் பரவாயில்லை, ஐயரின் தீர்ப்பு இருக்கிறது.

வாசலில் நிற்கிற வெள்ளி நிறப் பியெஸ்ராவில்தான் இன்று வந்தேன், நானே ஓட்டி. அண்ணை, கார் ஓடுது. நெஞ்சும் ஓடுது. நீங்கள் லீவிலை இருங்கோ.

அன்புத் தங்கச்சி